செருப்புக்குக் காவல்

கடற்கரைக்குப் போனால் செருப்பை யார் பார்த்துக்கொள்வது? சிரிக்க வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மலைக்குப் போனால் இந்தச் சிக்கல் இல்லை. கோயிலில் அதற்கென்றே ஆள் உண்டு. காசு கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். கடற்கரையில்தான் செருப்பு, கைப்பை, செல்போன், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒரு குவியலாகப் போட்டுவிட்டு வெறும் உடம்போடு இறங்க வேண்டியிருக்கிறது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அடுத்த முறை மெரினாவுக்கோ திருச்செந்தூருக்கோ போகும்போது கொஞ்ச நேரம் கடலைப் பார்க்காமல் கரையைப் பாருங்கள். குவியலுக்கு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பெரும்பாலும் அந்தக் குடும்பத்திலேயே வயதானவள், அல்லது கைக்குழந்தைக்காரி, அல்லது அன்றைக்கு மாதவிலக்கு வந்தவள்.

2017 மே மாதம் சேலத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், என் அம்மா. மூன்று இரவு, நான்கு பகல். அந்தப் பயணம் தோற்றுப்போனது. விபத்து, காய்ச்சல், திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் கேட்டபோது "சூப்பரா இருந்துச்சுங்க" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்ன வாய் ஏன் கசந்தது என்று பல நாள் யோசித்தேன். ஏமாந்துபோனேன் என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு தயக்கம்? ஏமாந்துபோக எனக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது என்றால், அந்த ஏமாற்றத்துக்கு யார் கடன்பட்டவர்?

முதலில் நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றி மலைதான். கடல் என்பது என் தலைமுறைக்கு சினிமாப் பாட்டில் வருவது. ஈர மணலில் ஒரு பெண் வெறுங்காலோடு நடந்து போவாள், பின்னால் அவளுடைய துப்பட்டா பறக்கும், யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் வேண்டியிருந்தது. யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். பாட்டில் வரும் பெண்ணின் செருப்பு யார் கையில் இருந்தது என்று எந்தக் கேமராவும் காட்டியதில்லை. ஒரு உதவியாளர் பெண் வெயிலில் நின்று பிடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

நான் பள்ளி ஆசிரியை. அந்த மார்ச்சில் எனக்கு ஒரு சீட்டு முடிந்திருந்தது. பயணச் செலவில் பாதி அந்தப் பணம். தேதி கணக்குப் பார்த்தால் இரண்டாம் நாளே மாதவிலக்கு வருகிற மாதிரி இருந்ததால் தள்ளிப்போகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பெண்கள் இதைக் கோயிலுக்குப் போகும்போது செய்வார்கள். நான் கடலுக்குச் செய்தேன். முதல் நாள் வழியில் சாப்பிடப் புளிச்சோறு, பிள்ளைகளுக்கு இட்லிப்பொடி, ஒரு டப்பா முறுக்கு, ஒரு டப்பா எள்ளடை. ஐந்து பேருக்கும் துணி எடுத்துவைத்தது நான். கிளம்புகிற அன்று காலை "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டது கணவர். அந்தக் கேள்வியைக் கேட்பதையும் ஒரு வேலை என்று அவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சாயங்காலம் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் பொறுக்கவில்லை. அறையில் பைகளைப் போட்டுவிட்டு நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். காந்தி சிலை இருந்தது, பழைய கலங்கரை விளக்கம் இருந்தது, பலூன் விற்பவர் இருந்தார், கடலும் இருந்தது. மணல் இல்லை. சாலை முடிகிற இடத்தில் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள், அலை வந்து அதில் மோதித் திரும்பியது. மகன் மணலில் வீடு கட்ட ஒரு சின்ன வாளியும் மண்வாரியும் கொண்டுவந்திருந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு "மணல் எங்கம்மா?" என்று கேட்டான்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே போகும். கரை நிலையாக இருப்பதுபோல் தெரிவது, போன மணலுக்கு ஈடாகப் புது மணல் வந்துகொண்டிருப்பதால்தான். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்று குவிந்தது. வடக்கே நகரத்தின் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. இருந்ததைக் கடல் கொண்டுபோனது. நகரத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். ஓரிடத்தில் குவிந்திருக்கிற மணல், இன்னோரிடத்தில் காணாமல்போன மணல். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் மகனிடம் சொல்லியிருப்பேன். "நாளைக்கு வேற பீச்சுக்குப் போலாம் சாமி" என்று மட்டும் சொன்னேன்.

கணவருக்கு அந்தப் பயணம் மிக நன்றாக அமைந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரிக்குப் போவது என்றால் நம் ஊர் ஆண்களுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் குடித்துவிட்டு ரகளை செய்கிற ஆள் இல்லை. சாயங்காலம் இரண்டு பீர் வாங்கிவந்து அறையின் பால்கனியில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார். காலையில் பத்து மணி வரை தூங்கினார். அவர் நடத்துவது உதிரிபாகக் கடை. ஞாயிற்றுக்கிழமைகூட யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருக்கு ஓய்வு உண்மையிலேயே தேவையாக இருந்தது, அது உண்மையிலேயே கிடைத்தது. ஒரே அறை, ஒரே வாடகை, ஒரே நான்கு நாள். அதில் அவர் விடுமுறையில் இருந்தார், நான் இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஈரத் துணிகளைப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறை வடிகால் மணலால் அடைத்துக்கொண்டதைக் குத்திவிட்டுக்கொண்டிருந்தேன். மகனுக்கு வயிறு சரியில்லாமல் போனதால் தயிர்சாதம் கிடைக்கிற கடை தேடிக்கொண்டிருந்தேன். மகளின் தோள் வெயிலில் எரிந்ததற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கிற அதே வேலை, வீட்டில் இருக்கிற வசதி இல்லாமல். வீட்டிலாவது கொடிக்கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாம் நாள் இரவு வாய்விட்டேன். "இதுக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "இவ்வளவு செலவு பண்ணி எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருந்தா எனக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

அந்த வார்த்தையில் நான் மாட்டிக்கொண்டேன். கூட்டிட்டு வந்திருக்கேன். நம் பேச்சில் பெண்கள் பயணம் போவதில்லை, கூட்டிக்கொண்டு போகப்படுகிறார்கள். "எங்கூட்டுக்காரரு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு." "பையன் காசிக்குக் கூட்டிட்டுப் போனான்." பாதிப் பணம் என்னுடையது, அறையைத் தேடி முன்பதிவு செய்தது நான், விழுப்புரத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழி சொன்னதும் நான், இருந்தும் நான் கூட்டிவரப்பட்டவள். கூட்டிவரப்பட்டவளுக்கு ஒரு கடமை இருக்கிறது. அவள் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருப்பது மட்டும் போதாது, அது முகத்தில் தெரிய வேண்டும், ஏனென்றால் கூட்டிவந்தவருக்கு வந்துசேர வேண்டிய கூலி அதுதான். ஆக, நான்கு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: மகிழ்ச்சியாக இருந்து காட்டுவது. அதில்தான் நான் தவறிவிட்டேன். மற்ற வேலைகளில் யாரும் என்னிடம் குறை கண்டுபிடிக்கவில்லை.

பரிசாகத் தரப்பட்ட ஒன்றைக் குறை சொல்லக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். யாராவது ஆசையாகப் புடவை எடுத்துக் கொடுத்தால் நிறம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். ஆனால் விடுமுறை பரிசு இல்லை. அது உரிமை என்று யாரோ போராடித்தான் நமக்கு வந்தது. நாங்கள் போன ஊரிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1936 கோடையில் பிரான்சில் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையை வாங்கினார்கள். அந்த ஆண்டு அங்கே பலர் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். அதே 1936 ஜூலை 30ஆம் தேதி, அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுட்டார்கள். 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. பீர் பாட்டிலோடு பால்கனியில் உட்கார்ந்திருக்கிற ஒரு சாயங்காலத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நான் அந்தச் சாயங்காலத்தைக் கேலி செய்யவில்லை. எனக்கும் அது வேண்டும் என்கிறேன்.

அப்போது நடப்பில் இருந்த நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. அந்த இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். கல்யாணமாகி 12 வருடம். வீட்டு வேலை செய்யாத நாள் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொண்டால் எனக்கு வர வேண்டிய விடுப்பு 219 நாள். கணக்கு வாத்திச்சியின் கோபம் இப்படித்தான் வெளிப்படும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பின்னால் வந்தபோது என் கணக்கு அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தெரிந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழித்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். ஆண்களில் 26 பேர்.

ஓய்வைப் பற்றி மிக உயர்வாகப் பேசியவர் அரிஸ்டாட்டில். நாம் வேலை செய்வதே ஓய்வாக இருப்பதற்காகத்தான் என்றார். மனிதன் மனிதனாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்பது அவர் எண்ணம். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதியவரும் அவரேதான். சமைப்பவரும் துவைப்பவரும் இல்லாமல் அந்த ஓய்வு நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதில் அவருக்கு உறுத்தல் இல்லை. நமக்கு உறுத்துகிறது. அதனால் நாம் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறோம். மணலைப் பார்த்துக் கை தட்டுகிறோம், எங்கிருந்து வந்த மணல் என்று கேட்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு நடந்த அநியாயம். இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறையிலிருந்து படகில் போகிற கடற்கரைக்குப் போனோம். அங்கே மணல் இருந்தது. தெற்கே குவிந்த மணல். மே மாத வெயிலில் கால் வைக்க முடியவில்லை, ஓடிப்போய்த் தண்ணீரில்தான் நின்றோம். கணவருக்கு முந்தைய இரவுப் பேச்சு உறைத்திருந்தது போலும், பிள்ளைகளை அவரே பிடித்துக்கொண்டார். நான் சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீர் வரை போனேன். அலை திரும்பும்போது காலுக்கடியில் இருக்கிற மணலை உருவிக்கொண்டு போகும் பாருங்கள், உடம்பு ஒரு கணம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவிக்கும், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது நிமிடம் இருந்திருப்பேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் மனதில் வைத்திருந்த படம் கொஞ்சம் சேறும் உப்புமாக, ஆனால் அப்படியே கிடைத்தது.

என் செருப்பு அம்மாவிடம் இருந்தது.

ஐந்து ஜோடிச் செருப்பு, இரண்டு பை, என் துப்பட்டா, நான்கு துண்டு, கணவரின் பர்ஸ், செல்போன்கள், முறுக்கு டப்பா. கீற்றுக் குடைகளின் நிழலையெல்லாம் வேறு குடும்பங்கள் பிடித்திருந்தார்கள். அம்மா வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "நீயும் போய் ஒரு நனை நனைஞ்சுட்டு வாம்மா" என்றேன். "எனக்கென்ன கண்ணு, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க ஆடுங்க" என்றாள். சரி என்று நான் மறுபடியும் தண்ணீருக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "அம்மா பாவம், எங்கயும் போனதில்ல, கூட்டிட்டுப் போலாம்" என்று கணவரிடம் சொன்னது நான்தான். ஆம், அதே சொல். கூட்டிட்டுப் போலாம். சொன்னபோது அது பொய் இல்லை. ஆனால் அம்மா வந்தால் மகனை ஒரு கை பார்த்துக்கொள்வாள் என்ற நினைப்பும் அதற்குள் மடித்து வைத்த ரூபாய் நோட்டு மாதிரி இருந்தது. 1977இல் கல்யாணமானவள். அதே கணக்கைப் போட்டால் அந்த ஆண்டு அவளுக்கு வர வேண்டிய விடுப்பு 730 நாள். சரியாக இரண்டு ஆண்டு. என் 219 நாளை இரவெல்லாம் எண்ணியவள் பக்கத்தில் படுத்திருந்தவளின் கணக்கைப் போட மூன்று வருடம் ஆனது.

"எனக்கென்ன" என்று அம்மா சொன்னதை அவ்வளவு சீக்கிரம் ஏன் நம்பினேன்? அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியாதா? முதல் நாள் கடற்கரைச் சாலையில் கணவர் "ஐஸ்கிரீம் சாப்பிடறியா?" என்று கேட்டபோது, மகனின் கை முழுக்க ஒழுகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டே நானும் "எனக்கென்ன, நீங்க சாப்பிடுங்க" என்றுதான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இரண்டு நாள் கோபம்.

இதில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. வாழ்க்கை முழுக்கக் கிடைக்காத ஒன்றை மனசு வேண்டாம் என்றே சொல்லப் பழகிவிடும், ஆகவே ஒடுக்கப்பட்டவர் "எனக்குப் போதும்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம், பெண் சொல்வதை நம்பாமல் இருப்பதும் நமக்குப் பழக்கமான கொடுமைதானே? அவள் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் என்று சொல்லிச் சொல்லியே நம் சினிமா எத்தனை பெண்களைத் துரத்தியிருக்கிறது. "வேண்டாம்" என்பதை வேண்டாம் என்றே கேட்க வேண்டும் என்று வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிறகு என் அம்மாவின் வேண்டாமை மட்டும் எப்படிச் சந்தேகிப்பது? கரையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால்? அவளை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் தள்ளுவதா விடுதலை?

விடை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2020 ஊரடங்கில் ஒரு நாள் இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். எப்படியோ பேச்சு ராமேசுவரத்துக்குப் போனது. 1984இல் தாத்தா இறந்த ஆண்டு, காரியம் செய்ய அம்மாவும் அவளுடைய அக்கா தங்கைகளும் மாமாக்களும் போயிருந்தார்கள். எனக்கு ஐந்து வயது. என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

"அக்னி தீர்த்தத்துல மூணு முங்கு போடுங்கன்னு சொன்னாங்க. நாங்க எத்தன போட்டோம்னு கணக்கே இல்ல. அங்க அலையே இருக்காது கண்ணு, கொளத்துத் தண்ணி மாதிரி நிக்கும். உங்க பெரியம்மா சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணி குடிச்சிருச்சு. அப்பன் காரியத்துக்கு வந்த பொண்ணுங்களா இதுங்கன்னு ஐயரு மொறச்சுப் பாத்தாரு."

28 வயதில் என் அம்மா கடலில் விளையாடியிருக்கிறாள். புடவையோடு, எல்லார் முன்னாலும். யாரும் என்ன உடுத்தி இறங்குவது என்று கேட்கவில்லை, யாரும் ஈரப் புடவையைப் பார்த்துச் செல்போனைத் தூக்கவில்லை. சாமி பேரைச் சொல்லிக் கிடைத்த அனுமதி அது. நம் பாட்டிகளுக்கு ஆடி அமாவாசையும் மாசி மகமும் தந்த நனைகிற உரிமையை, சுற்றுலா என்ற புதிய ஏற்பாடு சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் துண்டை மடித்துவைக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. அழகான முடிவு. ஒரு கட்டுரைக்குப் போதும். ஆனால் நான் கேட்டுவிட்டேன்: "அப்ப உங்க சாமானையெல்லாம் யாரு பாத்துக்கிட்டா?"

"சின்னவ எறங்கல. வீட்டுக்குத் தூரம். மேல உக்காந்து துணிமணிய அவதான் பாத்துக்கிட்டா. செருப்பு எங்க இருந்துச்சு, கோயிலுக்குச் செருப்பு போட்டுட்டா போனோம்?"

சின்னம்மாவுக்கு அப்போது 19 வயது இருக்கும். அவளிடம் அப்போது மாத்திரை இல்லை.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியை ஒட்டிய கடலூர்க் கரையில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது பாதிக்கப்பட்ட கிராமங்களில் ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்கள் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் 2005இல் எழுதியது. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, பலருக்கு நீச்சல் தெரியாது, மரம் ஏறத் தெரியாது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தண்ணீரில் விளையாடுவது பையன்களுக்கு என்று விட்டுவைத்தது அன்றைக்கு உயிர்க்கணக்காக மாறியது. கரையில் உட்கார்ந்திருப்பதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியாமல் போனது இதனால்தான்.

அன்றிரவு மாடியில் கடைசியாக அம்மாவிடம் கேட்டேன். "அவ்வளவு பிடிக்கும்னா பாண்டில ஏம்மா எறங்கல? நான் கூப்பிட்டேன்ல?"

அம்மா கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "ஒருக்காதான கேட்ட" என்றாள். "சோறு வக்கறப்ப ஒருக்கா கேட்டுட்டுப் போயிருவமா?"

நம் வீடுகளில் போதும் என்று முதல் தடவை சொல்வது மரியாதை. இரண்டாம் தடவை கேட்பது பரிமாறுகிறவரின் கடமை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, ரசத்துக்கு ஒரு கைப்பிடி" என்று கேட்டு, கை இலையை மறைத்தால் மட்டும் நிறுத்துவோம். பந்தியில் எனக்கு இது தெரியும். முகம் தெரியாத விருந்தாளியின் போதுமை நான் ஒருநாளும் ஒரே தடவையில் நம்பியதில்லை. துரத்துகிறவனுக்கு அந்தப் பெண் தனக்கு வேண்டும். பரிமாறுகிறவள் தன் கையில் இருப்பதைக் கொடுக்கிறாள். அந்த வெயிலில் நான் இரண்டாம் தடவை கேட்டிருந்தால் என்ன கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதும் தெரியும். குவியலுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டியிருந்திருக்கும். அல்லது என் கணவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். கடலிலிருந்து அவர் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை என்பதில் எனக்குத் தெளிவில்லை.

2024 ஜனவரியில் அம்மாவும் நானும் மகளும் மறுபடி புதுச்சேரிக்குப் போனோம். பேருந்தில், மூன்று பேர் மட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டு தடவை இல்லை, ஐந்தாறு தடவை கேட்டு, மகள் ஒரு கை நான் ஒரு கையாகப் பிடித்து அழைத்துப்போனோம். செருப்பைச் சும்மா மணலில் விட்டுவிடலாம், போனால் போகட்டும் என்பது மகளின் யோசனை. கடல் அன்று கலங்கி, பழுப்பாக இருந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறுவதற்குள் கரையில் நின்ற காவலர் விசில் ஊதி, வயசானவர்களை ஏன் இறக்குகிறீர்கள் என்று சத்தம் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் அம்மாவின் இடது செருப்பை அலை கொண்டுபோயிருந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் அம்மா. அறைக்குப் போகிற வழியெல்லாம் சொன்னாள், சாப்பிடும்போது சொன்னாள், மறுநாள் பேருந்தில் முன்சீட்டில் இருந்த அம்மாவிடமும் சொன்னாள். தண்ணி அழுக்கு, கூட்டம், அந்தப் போலீஸ்காரனுக்கு மரியாதை தெரியவில்லை, ராமேசுவரத்துக்குக் கால்தூசி பெறாது, நல்ல செருப்பு, தீபாவளிக்கு வாங்கியது, இருநூத்தம்பது ரூபா. உளுந்தூர்பேட்டை தாண்டுகிறவரை வலது செருப்பைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.